பொய்ப் பாஸ்போர்ட்டும் மெய்யான மனச்சாட்சியும்

 

இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன்பாக வைக்கிறேன். ஆறுதல் செய்தியை எதிர்பார்த்துப் பிரித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது மேடையில் பேசப்படுகிற கேள்வி அல்ல. ஆராதனை முடிந்தபின், செருப்பு விட்டிருக்கிற இடத்தில், மெதுவான குரலில் பேசப்படுகிற கேள்வி. உயிர் தப்புவதற்காகப் பொய்ப் பெயரில் எல்லை கடந்தவன் தேவனுக்கு முன்பாகக் குற்றவாளியா? யுத்தத்துக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழ் விசுவாசிகள் நம் சபைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தப் பாரம் அவர்களில் பலருக்கு உண்டு என்பது ஊழியக்காரர்களுக்குத் தெரியும்.

கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி உபவாச ஜெபம் முடிந்தபின் இதைக் கேட்டார்கள். "ஐயா, ஞானஸ்நானம் எடுக்கேக்க என்ர பாவம் எல்லாத்தையும் அறிக்கை செய்தனான். இது ஒண்டு மட்டும் நெஞ்சுக்குள்ள கிடக்குது. நான் வந்தது வேற ஒரு பொம்பிளையின்ர பாஸ்போட்டில, தலை மாத்தினது. வழியில ரெண்டு எயார்போட்டில அவவின்ர பேரைத்தான் சொன்னனான். அது பாவமோ?" பக்கத்தில் இருந்த நம்ம ஊர் அம்மா ஒருவர், "உயிருக்குப் பயந்து சொன்னதுதானேம்மா, ஆண்டவர் மன்னிப்பாரு, விடுங்க" என்றார்கள். அந்தச் சகோதரி விடவில்லை. "மன்னிக்கிறது எண்டா அது பாவம் எண்டுதானே அர்த்தம்?" என்றார்கள்.

நல்ல கேள்வி! பலர் இந்த இடத்தில்தான் நழுவிவிடுகிறோம். "பாவம்தான், ஆனால் பரவாயில்லை" என்று சொல்வது பதில் ஆகாது. ஒன்று அது பாவம், மனந்திரும்ப வேண்டும். அல்லது அது பாவம் அல்ல, வீணாக ஒரு ஆத்துமாவைக் குற்றவுணர்வில் வைத்திருக்கக் கூடாது. எது என்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, அந்தப் பொய் எங்கிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு 2009 மே மாதம் வரை அந்தத் தீவில் தமிழனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு காகிதம் தேவைப்பட்டது. 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அப்பொழுது குற்றம் சாட்டாமலே பதினெட்டு மாதம் வரை அடைத்துவைக்க முடிந்தது. கொழும்பில் லாட்ஜில் தங்கினால் போலீஸ் பதிவு வேண்டும். பதிவு இருந்தும் 2007 ஜூன் 7-ம் தேதி விடியற்காலையில் முந்நூற்றுக்கும் அதிகமான தமிழர்களை லாட்ஜுகளிலிருந்து பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இந்தப் பக்கம் இப்படி என்றால், வடக்கே புலிகளின் பிரதேசத்தை விட்டு வெளியேற அவர்களுடைய 'பாஸ்' வேண்டும், திரும்பி வருவார் என்று பிணை நிற்க ஆள் வேண்டும். கிளாலிக் கடலேரியை இராத்திரியில் படகில் கடக்க வேண்டும். அந்தப் படகுகளும் சுடப்பட்டன. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், சுமார் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சில மணி நேர, சில நாள் கெடுவில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிடம் ஒருவரும் பாஸ் கேட்கவில்லை! வெளியே போகத் தடை, உள்ளே இருக்கத் தடை, இரண்டையும் ஒரே துப்பாக்கி சொன்னது. இதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

சரி, தீவை விட்டு வெளியே வந்தாச்சு. அடுத்து என்ன? இங்கேதான் நம் மக்கள் அதிகம் அறியாத ஒரு காரியம் இருக்கிறது. அகதிக்கென்று ஒரு விசா கிடையாது. பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ அடைக்கலம் கேட்க வேண்டுமானால் அந்த மண்ணில் கால் வைத்துத்தான் கேட்க வேண்டும். கால் வைக்க விசா வேண்டும். "எனக்கு உயிர் ஆபத்து, அடைக்கலம் கேட்கப் போகிறேன்" என்று உண்மை சொன்னால் விசா கிடைக்காது. 1985-ல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கிற்று. காமன்வெல்த் நாடு ஒன்றின்மேல் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரூ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ் வாலிபர்கள் குளிரில் உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே வருஷத்தில் புதுச் சட்டம் ஒன்று வந்தது: சரியான காகிதம் இல்லாத ஒரு பயணியை ஏற்றி வந்தால் விமானக் கம்பெனிக்கு ஆயிரம் பவுண்டு அபராதம்! அதற்குப் பிறகு டிக்கெட் கவுண்டரில் நிற்கிற பெண்ணே எல்லைக் காவலாளி ஆகிவிட்டாள்.

அதற்கு முன்னே ஒரு வழி இருந்தது. கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குப் போய்விடலாம். பெர்லின் ஒரே நகரம் என்பது மேற்கத்திய நாடுகளின் கொள்கை. ஆகையால் அந்தப் பக்கத்தில் பரிசோதனை இல்லை. ஆயிரக்கணக்கான தமிழர் அந்த வழியாகப் போனார்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அங்கே இல்லை, ரயில் டிக்கெட் போதும். 1985-ல் அந்த வாசலும் அடைபட்டது. வாசல்கள் அடைபட அடைபட ஏஜென்சிக்காரனுடைய ரேட் ஏறிற்று. கவனியுங்கள்: உண்மை சொல்லிப் போகிற வழி திறந்திருந்தபோது ஜனங்கள் உண்மை சொல்லித்தான் போனார்கள். தாலிக்கொடியை விற்றுப் பொய் வாங்க யாருக்கு ஆசை?

ஆனால் "சட்டம் அப்படி, அதனால் பொய் சரி" என்று முடித்துவிடுகிறவன் நான் அல்ல. சட்டம் கெட்டது என்பதால் என் நாவு சுத்தமாகிவிடாது. இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.

சபை சரித்திரத்தில் இந்தக் கேள்வி பழைய கேள்வி. பரிசுத்தவான் அகஸ்டின் பொய்யைக் குறித்து இரண்டு புத்தகங்கள் எழுதினார். எந்தப் பொய்யும் பாவமே, உயிரைக் காப்பாற்றச் சொன்னாலும் பாவமே என்பது அவருடைய தீர்ப்பு. அவரே ஒரு சம்பவம் சொல்லுகிறார். தகாஸ்தே ஊரில் பிர்முஸ் என்று ஒரு பேராயர் இருந்தார். தப்பி ஓடி வந்த ஒருவனை ஒளித்துவைத்திருந்தார். ராஜாவின் ஆட்கள் வந்து கேட்டபோது, தான் பொய்யும் சொல்வதில்லை, ஆளையும் காட்டிக்கொடுப்பதில்லை என்று நின்றார். சித்திரவதை செய்தார்கள், அசையவில்லை. கடைசியில் ராஜாவே வியந்து அந்த ஆளுக்கு மன்னிப்புக் கொடுத்தான். அருமையான சாட்சி! ஆனால் பிர்முஸ் தன் சரீரத்தை அல்லவா கொடுத்தார்? யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி பதினாறு வயது மகனோடு சோதனைச் சாவடியில் நிற்கிறாள். அவள் உண்மை சொன்னால் அடி யாருக்கு விழும்? மகனுக்கு. பிர்முஸுடைய தைரியத்தை அவளிடம் எதிர்பார்க்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட்டும் அகஸ்டின் பக்கமே நின்றார். கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-ல் எழுதினார். அவருக்கு எதிராக வாதாடிய பிரெஞ்சுக்காரர் பெஞ்சமின் கான்ஸ்டண்ட் சொன்னது என்னவென்றால், உண்மை என்பது ஒரு கடன். அதைக் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் அந்தக் கடனைச் செலுத்த வேண்டும். பிறனுக்குக் கேடு செய்யும் உண்மைக்கு ஒருவனுக்கும் உரிமை இல்லை. நம்முடைய வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு ஒரு இடம் கொடுக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அவர் சும்மா 'நன்மை' என்று விடவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்று கட்டிப்போட்டிருக்கிறார். அந்த அடைமொழியை விட்டுவிட்டுக் குறளை மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் ஜாஸ்தி!

இப்பொழுது வேதாகமத்துக்கு வருவோம். தப்பி ஓடினவர்களும் பொய் சொன்னவர்களும் அதிலே ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறார்கள். பஞ்சத்தினிமித்தம் எகிப்துக்குப் போன ஆபிரகாம் மனைவியைச் சகோதரி என்றான். அவனுக்கு ஆடுமாடு கிடைத்தது. சாராய் பார்வோனுடைய வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டாள். எபிரெய மருத்துவச்சிகளாகிய சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் உண்மையை மறைத்தார்கள். குழந்தைகள் பிழைத்தன, மாட்டிக்கொண்டால் போவது அவர்களுடைய சொந்தத் தலை. காத் ஊரில் அகதியாக நின்ற தாவீது பைத்தியக்காரனைப்போல நடித்து, தாடியில் எச்சில் வடியவிட்டுத் தப்பினான். அவமானம் அவனுக்கே. ஆனால் அதே தாவீது அதற்குக் கொஞ்சம் முன்னே நோப் ஊரில் ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம், ராஜா இரகசிய வேலையாய் அனுப்பினார் என்று பொய் சொன்னான். அப்பமும் பட்டயமும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நடந்தது அறியாத அகிமெலேக்கும் ஆசாரியர் எண்பத்தைந்து பேரும் சவுலின் கட்டளையால் தோவேக்கின் கையில் செத்தார்கள். தப்பி வந்த அபியத்தாரிடம் தாவீது சாக்குச் சொல்லவில்லை. அந்த இரத்தத்துக்குக் காரணம் தான்தான் என்று ஒத்துக்கொண்டான். காத்தில் சொன்ன பொய்க்கு தாவீது அழுததாக நான் வாசிக்கவில்லை. நோபுக்கான குற்றத்தையோ தன்மேல் ஏற்றுக்கொண்டான்.

பார்த்தீர்களா? ஒரே வாரத்தில், ஒரே மனுஷன், ஒரே சவுலுக்குப் பயந்து செய்த இரண்டு காரியம். ஒன்றின் விலையை அவனே கொடுத்தான். மற்றதின் விலையை ஒரு பாவமும் அறியாதவர்கள் கொடுத்தார்கள். பொய்யைக் குறித்த கற்பனையும் வெறுமனே உதட்டைப் பற்றியது அல்ல. அயலானுக்குக் கேடு கொண்டுவரும் சாட்சியைப் பற்றியது. ஆகவே அகதி சொன்ன பொய்யை நிறுக்கும்போது "சொன்னது நிஜமா, இல்லையா" என்று மட்டும் கேட்டால் போதாது. இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தத் தராசில் அந்தச் சகோதரியுடைய காரியத்தை வைத்துப் பாருங்கள். வழியில் இரண்டு விமான நிலையத்தில் வேறு பெயர் சொன்னார்கள். இறங்கினவுடனே அதிகாரியிடம் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அடைக்கலம் கேட்டார்கள். அவர்களுடைய பாஷையில் சொன்னால், "இறங்கின உடன அசைலம் அடிச்சனான், என்ர பேர்ல." 1951-ல் உண்டான அகதிகள் ஒப்பந்தத்தின் 31-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. உயிராபத்து உள்ள இடத்திலிருந்து நேரே வந்தவன், தாமதமில்லாமல் அதிகாரிகளிடம் தானே போய் நின்று, நியாயமான காரணம் காட்டினால், அனுமதி இல்லாமல் நுழைந்ததற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. எழுதினவர்கள் இரண்டாம் உலக யுத்தத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை. பொய்க் காகிதத்தால் பிழைத்த யூதர்களை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது 'தாமதமில்லாமல்' என்கிற வார்த்தை. பொய்யை வாசல் வரைக்கும் அனுமதிக்கிறது, வீட்டுக்குள் குடிவைக்க அனுமதிக்கவில்லை! அந்தச் சகோதரியின் பொய் கவுண்டரிலேயே முடிந்துபோயிற்று. யாருடைய பங்கும் பறிபோகவில்லை. அது பாவம் அல்ல என்பதே என் தீர்ப்பு. மன்னிப்பார் என்று சொல்லி அனுப்புவதும் சரியல்ல. மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை.

உடனே சில மூப்பர்களுக்குக் கோபம் வரும், தெரியும். "பாஸ்டர், அப்போ விசுவாசி பொய் சொல்லலாமா?" என்பார்கள். கோரி டென் பூம் அம்மாவின் சரித்திரத்தை நம்மில் அநேகர் வாசித்திருக்கிறோம். ஹாலந்தில் யூதரை மறைத்துவைத்த அந்தக் குடும்பத்திலேயே இந்த வாக்குவாதம் இருந்தது. யூதரைக் காக்கப் பொய் சொல்லவும் கோரி தயங்கவில்லை. அக்கா நோலி அப்படிச் செய்ய மறுத்தார். வீட்டில் இருந்த பெண் யூதப் பெண்ணா என்று போலீஸ் கேட்டபோது ஆம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணைக் கொண்டுபோனார்கள். சில நாளில் அந்தப் பெண் மீட்கப்பட்டாள் என்பது தேவ கிருபை. ஒரே வேதம், ஒரே ஜெப அறை, ஒரே ஆவியானவர். இரண்டு சகோதரிகள் இரண்டு விதமாக நடந்தார்கள். நோலியைக் குறை சொல்ல எனக்குத் துணிவு இல்லை. ஆனால் பிடிபட்ட பெண் மீட்கப்படாமல் போயிருந்தால் நோலியின் உண்மைக்கு விலை கொடுத்தது யார்? இதையும் நிறுக்க வேண்டுமல்லவா?

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பேசாவிட்டால் நான் பாதி ஊழியக்காரன்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலோரத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். பனிமூட்டம். கஸ் டால்ட்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றபோது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தோம் என்றார்கள். சில நாளில் உண்மை வெளிவந்தது: மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்! ஏற்கெனவே ஒரு பத்திரமான நாட்டில் இருந்தவர்கள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம். ஜெர்மனியிலோ நிரந்தர இடம் இல்லை, எதிர்காலம் இல்லை. பத்திரிகைகளில் அமளி ஏற்பட்டது, "பொய்யர்கள்" என்றார்கள். ஆனாலும் கனடா அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, ஒரு வருஷத்துக்குத் தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. 2016-ல், முப்பது வருஷம் கழிந்து, அவர்களில் சிலர் அந்த மீனவரைப் பார்க்கப் போனார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஒரு பொய், பின்னாலே வந்த எத்தனை பேர் முகத்தில் சந்தேகமாக வந்து விழுந்தது! 2010-ல் சன் சீ என்ற கப்பலில் 492 பேர், அதில் 49 பிள்ளைகள், ஏறக்குறைய மூன்று மாதம் கடலில் தவித்துக் கனடா மேற்குக் கரைக்கு வந்தபோது, எல்லாரையும் காவலில் வைத்துத்தான் விசாரித்தார்கள். அதற்குக் காரணங்கள் பல, அரசியலும் உண்டு. ஆனாலும் "தமிழர் கதை" என்றாலே புருவம் உயருகிற நிலை ஒரே நாளில் உண்டானதல்ல.

உண்மை சொன்னவர்களே நம்பப்படாமல் போன காலமும் உண்டு. 1987-ல் பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட ஐந்து தமிழர்களை, ஆபத்து இல்லை என்று சொல்லி 1988 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் மூன்று பேர் அங்கே துன்புறுத்தப்பட்டார்கள். 1989-ல் அவர்களுடைய மேல்முறையீடு ஜெயித்து, பிரிட்டனுக்கே திரும்பி வந்தார்கள். ஆனாலும் 1991 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பினபோது அரசு செய்தது மீறல் அல்ல என்று தீர்ப்புச் சொல்லிற்று. அடி வாங்கினது நிஜம், நம்பாதது குற்றமில்லை! இப்படிப்பட்ட மேசைக்கு முன்பாகத்தான் ஒவ்வொரு அகதியும் உட்காருகிறான்.

அந்த மேசைக்கு இன்னொருவனுடைய கதையைக் கொண்டுபோகிறவனைப் பற்றி என்ன சொல்லுவது? ஏஜென்சிக்காரன் 'கேஸ்' எழுதிக் கொடுக்கிறான். ஒரு வாலிபனுடைய மெய்யான சித்திரவதையை எடுத்து, ஊர் பெயரை மாற்றி, இருபது பேருக்கு விற்கிறான். அதிகாரி ஒரே கதையை இருபது தடவை கேட்கிறான். இருபத்தோராவது ஆள் உள்ளே வருகிறான். அவன்தான் அந்த அடியை வாங்கினவன்; முதுகில் தழும்பு இருக்கிறது. அதிகாரி பேனாவை மூடிவைத்துவிடுகிறான். பிரியமானவர்களே, அந்த இருபத்தோராவது ஆள்தான் அகிமெலேக்கு. அவனுக்கு என்ன நடந்தது என்று கதையை வாங்கினவர்கள் ஒருவரும் அறியமாட்டார்கள். ஒரு சகோதரன் சுவிஸில் வீடு வாங்கி, காணிக்கை அனுப்பி, நன்றி சாட்சி சொல்லுகிறான். இது உயிர்காக்கச் சொன்ன பொய் அல்ல. தன்னுடைய சொந்த ஆபத்து போதாது என்று அயலானுடைய காயத்தைத் திருடினது. "எல்லாரும் செய்யினம்தானே" என்பது எனக்கும் தெரியும். எல்லாரும் செய்தால் இருபத்தோராவது ஆள் நூற்றிருபத்தோராவது ஆள் ஆகிறான், அவ்வளவுதான்.

நடுவிலே ஒரு கூட்டம் உண்டு. சொந்தப் பெயரைச் சொல்லாமலே தங்கிவிட்டவர்கள். நம்மிலே அப்பா பெயர்தான் பிள்ளையின் பெயரோடு போகிறது. தகப்பன் வேறொருவன் பெயரில் பதிந்தால், மகனுக்கும் பேரனுக்கும் யாரோ ஒருவருடைய பெயர் ஒட்டிக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், பதிவுக் காகிதத்தில் ஒரு பெயர். ஊரிலே தாய் இறந்தால் சாவு வீட்டு நோட்டீஸில் தன் சொந்தப் பெயரைப் போடப் பயம். அண்ணன் மகனைத் தன் மகன் என்று கூப்பிட்டவர்கள், கல்யாணமானவளைக் குமரி என்று எழுதிக் கொடுத்தவர்கள், இவர்களெல்லாம் நாற்பது வருஷம் ஆன பிறகும் கதவு தட்டினால் திடுக்கிடுகிறார்கள். இவர்கள் போய் அரசாங்கத்திடம் எல்லாவற்றையும் ஒப்புவிக்க வேண்டுமா? சில ஊழியர்கள் உடனே ஆம் என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லுகிறவர் பிள்ளைகள் நாடு கடத்தப்படுவதில்லை, அதனால் சுலபமாகச் சொல்லுகிறார்! நான் அப்படிச் சொல்லமாட்டேன். பெற்றோர் செய்ததற்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை விலை கொடுப்பது நியாயம் அல்ல. முதலில் நல்ல வக்கீலைப் பார்க்கட்டும். பெயர் திருத்தச் சட்ட வழி இருக்கும் தேசத்தில் அந்த வழியில் போகட்டும். ஆனால் வீட்டுக்குள்ளே உண்மை இன்றைக்கே சொல்லலாம். உன் தாத்தாவின் பெயர் இது, உன் தகப்பனுடைய மெய்யான பெயர் இது என்று பிள்ளைகளிடம் சொல்ல எந்த எம்பஸியும் தடை செய்யவில்லை.

இந்தப் பக்கம் நம் தமிழ்நாட்டு முகாம்களை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். படகுக்காரன் மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஏஜென்சிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் அப்படித்தான் வந்தார்கள். மண்டபத்தில் சொந்தப் பெயரையும் ஊரையும் உள்ளபடி சொல்லிப் பதிந்தார்கள். 1983 முதல் அப்படி வந்தவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021-ல் தமிழக அரசு புதிய வீடுகளும் உதவிகளும் அறிவித்து, 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினபோது, சுமார் 58,000 பேர் முகாம்களில் இருந்தார்கள். இந்தியா அந்த 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. ஆகவே குடியுரிமை கேட்கவும் வழி அடைபட்டது. இருவருமே அப்படி வந்தவர்களானால், இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அதே கதிதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது, இலங்கையின் பெயர் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, காகிதம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்ல காரியம், ஆனால் அது குடியுரிமை அல்ல.

முகாமில் ஒரு தகப்பன் சொன்னார்: "பொய் சொன்னவன் பாரிஸில, உண்மை சொன்னவன் பத்துக்குப் பத்து அறையில." இதற்கு உடனே வசனம் தேடாதீர்கள். அவர் சொல்வது உண்மை. ஆசாப் முறையிட்டதும் இதே முறையீடுதான், அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. உண்மை சொல்லுகிறவனுக்கு வாசல் திறக்காத ஒரு தேசம், பிறகு பொய் சொன்னவனைப் பார்த்து முகம் சுளிக்க என்ன நியாயம் உண்டு? அது இந்தியாவோ, இங்கிலாந்தோ, எதுவாகிலும் சரி. இந்த வார்த்தையை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் சொல்லுங்கள், ஜெபத்தில் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதேயுங்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தப்பிப் போகிறவனுக்கு உதவி செய்தவன் குற்றவாளியா? சன் சீ கப்பலில் வந்த ஒருவர், சமுத்திரத்தில் கப்பல் வேலை செய்தார் என்பதற்காக ஆள் கடத்தினவர் என்று தள்ளப்பட்டார். 2015 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், அகதிகள் ஆதாயமில்லாமல் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி ஆள் கடத்தல் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. இது சரியான தீர்ப்பு. ஆனால் நம் சபைகளில் அதைவிடக் கஷ்டமான இடத்தில் நிற்கிறவர் மொழிபெயர்ப்பாளர். அடைக்கல விசாரணையில் தமிழுக்கு மொழிபெயர்க்கிற சகோதரர்கள் உண்டு. உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தவர்கள். எதிரே உட்கார்ந்து கதை சொல்லுகிறவன் தன் ஊர்க்காரன். சொல்லுகிற கதை வேறொருவனுடையது என்று இவருக்குத் தெரியும். காட்டிக்கொடுப்பதா? பேசாமல் மொழிபெயர்ப்பதா? என்னைக் கேட்டவருக்கு நான் சொன்னது: நீர் நியாயாதிபதியும் அல்ல, வக்கீலும் அல்ல, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும், உம் சத்தியம் அதோடு முடிகிறது. ஆனால் கதை யாருடையது என்று உமக்கு முன்னமே தெரிந்திருந்தால், விசாரணைக்கு முந்தின நாளே அந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ளும். விலகுமுன் அவனைத் தனியே கூப்பிட்டு, அந்தத் தழும்புக்குச் சொந்தக்காரன் இன்னும் வவுனியாவில் உயிரோடு இருக்கிறான், அவனும் ஒருநாள் இந்த மேசைக்கு வரக்கூடும் என்று சொல்லிவிட்டு வாரும்.